பரிசளிக்க ஒரு பாதுகை ஆர்க்கிட்

புதுமனை புகுவிழா, மணவிழா, பணி ஓய்வு முதலிய நாள்களில் பூச்செடி ஒன்றைத் தொட்டியுடன் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் இப்பொழுது நமது சிற்றூர்களிலும் காணப்படுகிறது. வரவேற்கத்தக்க வழக்கந்தான். ஆனால் வெள்ளிக் குங்குமச் சிமிழைப் பரிசளிப்பதற்கும் செடியைப் பரிசளிப்பதற்கும் பெரிய வேற்றுமை உண்டு. சிமிழ் பெட்டிக்குள் சுகமாகக் கிடக்கும். செடியோ பெற்றவர் கையில் உயிர் பிழைக்கவும் வேண்டும். பிழைக்காவிடில் கொடுத்தவருக்குப் பொருள் நட்டம். பெற்றவருக்கோ, தம் கைக்குச் செடி வராது என்ற எண்ணம் மிஞ்சும். அவ்வெண்ணம் ஒன்றினாலேயே செடி வளர்ப்பைக் கைவிட்டவர்களை நான் அறிவேன்.

ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்கி ஓரிரண்டு ஆண்டுகளே ஆன அன்பர் ஒருவருக்குப் பாதுகை ஆர்க்கிட் ஒன்றை வாங்கிக் கொடுக்க விரும்புவோர் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், எதைத் தவிர்க்க வேண்டும் என்பதை இங்கே விளக்க முற்படுகிறோம்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். பாபியோபெடிலம் என்பது இவ்வினத்தின் தாவரவியற் பெயர். இதன் மலரிலுள்ள மூன்று இதழ்களில் கீழிதழ் பை போலக் குழிந்து, முன்புறம் மூடிய மிதியடியின் உருவத்தைக் கொண்டிருக்கிறது. ஆகவே ஆங்கிலத்தில் செருப்பு ஆர்க்கிட் என்கிறார்கள். நல்ல நாளில் செருப்பைப் பரிசளிப்பதா என்று வீட்டுப் பெரியோர்கள் முகஞ்சுளிக்கக்கூடும். ஆகையால் பாதுகை ஆர்க்கிட் என்று வழங்கிவிட்டால் வம்பில்லை. அந்தப் பை வெறும் அழகுக்காக அமைந்ததன்று. அதனுள் வழுக்கி விழும் பூச்சி வந்த வழியே வெளியேற இயலாது. பின்பக்கமுள்ள மயிர்களைப் பற்றி ஏறி ஒரு குறுகிய வழியாகவே வெளிவர வேண்டும். அவ்வழியில் முதலில் சூல்முடியையும் பிறகு மகரந்தத்தையும் அது உராய்ந்துகொண்டு செல்கிறது. வேறொரு மலரிலிருந்து அது மகரந்தம் கொணர்ந்திருப்பின் மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்துவிடுகிறது.

நமது பகுதிகளில் ஆர்க்கிட் வளர்க்கத் தொடங்குவோர் பெரும்பாலும் டென்ட்ரோபியத்தில்தான் கை வைக்கிறார்கள். அது நல்ல வெயிலை விரும்பும். கட்டையிலோ கரித்துண்டிலோ தொங்கவிட்டால் போதும். இரண்டு நாள் நீர் ஊற்ற மறந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதன் தடித்த தண்டே நீர்ச் சேமிப்புக் கிடங்கு. பாதுகை ஆர்க்கிட்டுக்கோ அத்தகைய தண்டு கிடையாது. காட்டில் மர நிழலில், மக்கிய இலைகளுக்கிடையே அல்லது பாறை இடுக்கிலுள்ள பாசியில் அது வேரூன்றி வாழ்கிறது. ஆதலின் வேர்ப்புறம் எப்பொழுதும் சற்று ஈரமாக இருக்க வேண்டும். ஆயினும் நீர் தேங்கலாகாது. நேர் வெயில் பட்டால் இலை வெந்துவிடும். டென்ட்ரோபியத்தை வளர்த்துப் பழகியவர் இதையும் அதற்குப் பக்கத்திலேயே கட்டித் தொங்கவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பரிசு கொடுப்பவர் இந்த ஒரு வேற்றுமையை வாயால் சொல்லிக் கொடுத்தாலே பாதிச் செடிகள் பிழைத்துவிடும்.

என் பிழை

இவ்வளவு சொல்லும் நானே முன்பு தவறு செய்தவன். தென்காசிக்கு அருகில் வசிக்கும் என் தங்கை மகன் வீட்டுத் தாழ்வாரத்தில் பத்துப் பன்னிரண்டு டென்ட்ரோபியத் தொட்டிகளை வைத்து ஆசையோடு வளர்த்து வந்தான். அவன் புதுமனை புகுந்தபோது, மலை நகரம் ஒன்றிலுள்ள நாற்றுப் பண்ணைக்குச் சென்று, 'எளிதில் வளரக்கூடிய பாதுகை ஆர்க்கிட் வேண்டும்' என்று கேட்டேன். அவர்கள் இன்சிக்னே என்னும் இனத்தை எடுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் சொன்னதில் பொய்யில்லை. உலகெங்கும் பழமையாக வளர்க்கப்படுவதும், எளிதில் சாகாததும் அவ்வினமே. நமது நாட்டின் மேகாலயக் குன்றுகளே அதற்குத் தாயகம் என்று அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியும் ஏற்பட்டது. எங்கே வைக்கப் போகிறீர்கள் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

செடி மூன்று ஆண்டுகள் பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு மொட்டுக்கூட விடவில்லை. நான்காம் ஆண்டுக் கோடையில் குருத்து அழுகிப் போயிற்று. என்மீதுள்ள மரியாதையால் அவன் இதை எனக்குத் தெரிவிக்கவேயில்லை. அடுத்த முறை நான் சென்றபோது அந்தத் தொட்டியில் கறிவேப்பிலைக் கன்று வளர்ந்துகொண்டிருந்தது. காரணம் பின்னரே விளங்கிற்று. இன்சிக்னே குளிர் நாட்டு இனம். குளிர்ந்த இரவுகள் தொடர்ந்து சில வாரங்கள் வாய்த்தால்தான் அது மொட்டு விடும். மலையடிவாரத்தில் அத்தகைய இரவுக்கு எங்கே போவது?

உஷ்ண இனமா, குளிர் இனமா?

ஆகவே, செடி வாங்கப் புறப்படுமுன் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் வினா 'எந்தப் பூ அழகு?' என்பதன்று, 'பெறுபவரின் வீட்டில் இரவு எவ்வளவு குளிரும், பகல் எவ்வளவு சுடும்?' என்பதே. உஷ்ணத்தை விரும்பும் பாதுகை ஆர்க்கிட்டுகளுக்குப் பகலில் ஏறத்தாழ 24 முதல் 30 பாகை செல்சியசும், இரவில் 18 பாகைக்குக் குறையாத வெப்பமும் ஏற்றவை. 35 பாகையைத் தாண்டினால் அவையும் வாடத் தொடங்கும். உஷ்ண இனம் என்ற பெயரைக் கேட்டு, வேலூரின் சித்திரை வெயிலையும் தாங்கும் என்று எண்ணிவிடலாகாது. அவை வளரும் தாய்லாந்து, மலேயா, போர்னியோ, சுமத்திரா ஆகிய நாடுகளின் காட்டு நிழல் வேறு. நமது ஊர் வெட்டவெளி வேறு.

இலையைப் பார்த்து இனத்தை அறியும் வழி ஒன்று நெடுங்காலமாக வழக்கில் இருக்கிறது. இலையில் கரும்பச்சையும் வெளிர்பச்சையும் கலந்து பாம்புத் தோல் போலத் திட்டுகள் காணப்பட்டால் உஷ்ண இனம். இலை ஒரே பச்சையாக, நாடா போல இருந்தால் குளிர் இனம். கடையில் நின்றுகொண்டு முடிவு செய்வோர்க்கு இது நல்ல துணை. எனினும் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஒரே காம்பில் பல பூக்களை ஒருங்கே விடும் பிலிப்பினென்ஸ் போன்ற இனங்களின் இலை ஒரே பச்சை. ஆனால் அவை உஷ்ணத்தை விரும்புபவை. சீனாவிலிருந்து வந்த மஞ்சள் நிற ஆர்மினியாக்கம், இளஞ்சிவப்பு மைக்ராந்தம் ஆகியவற்றின் இலைகள் திட்டு நிறைந்தவை. ஆயினும் குளிர்காலத்தில் குளிர்ச்சியைக் கேட்பவை. நமது வடகிழக்கு மலைகளில் வளரும் வீனஸ்டமும் திட்டு இலை கொண்டதே. அதுவும் மிதமான குளிரையே நாடும்.

அப்படியாயின் புதியவருக்கு எதை வாங்குவது? தயக்கமின்றிச் சொல்வேன்: மௌடியே வகைக் கலப்பினம். மௌடியே என்பது கல்லோசம், லாரன்சியானம் என்ற இரண்டு இனங்களின் சேர்க்கையால் பிறந்து, 1900-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் பதிவு செய்யப்பட்டது. தந்தையினம் தாயினம் இரண்டும் உஷ்ணப் பகுதிகளைச் சேர்ந்தவை. முன்னது தாய்லாந்து, இந்தோ-சீனப் பகுதிகளிலும், பின்னது போர்னியோவிலும் வளர்வது. வெள்ளையில் பச்சைக் கோடுகள் ஓடும் மௌடியே மலர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் மதிப்புக் குறையாமல் இருக்கிறது. அதன் வழிவந்த கருஞ்சிவப்பு வகைகளும் உண்டு. அவை ஏறக்குறைய நாவற்பழ நிறத்தில் இருக்கும். இவை பூவாதபோதும் இலையழகால் தாழ்வாரத்துக்கு அணி செய்வன. சிறு தவறுகளைப் பொறுத்துக்கொள்வன. பூ ஒன்று மலர்ந்தால் ஆறு முதல் எட்டு வாரம் வரை வாடாமல் நிற்கும்.

இரண்டாவதாகச் சொல்லத்தக்கது சுகாகுலியை. இது கலப்பினமன்று, வடகிழக்குத் தாய்லாந்தின் இயற்கை இனம். கல்லோசம் என்று கருதி ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட செடிகளோடு கலந்து சென்று, அங்கே பூத்தபோதுதான் புதிய இனம் என்று கண்டுபிடிக்கப்பட்டது. 1965-இல் பெயர் பெற்றது. அகன்று கிடையாக நீண்ட இதழ்களில் கரும்புள்ளிகள் தெளித்திருக்கும். மௌடியே கலப்புகளுக்கும் இது வெகுவாகப் பயன்பட்டிருக்கிறது.

பூக்களைத் தொடர்ந்து காண விரும்பும் அன்பருக்குப் பினோக்கியோ என்ற கலப்பினம் பொருத்தமானது. சுமத்திராவின் பிரிமுலினமும் ஜாவாவின் கிளாகோபில்லமும் இதன் பெற்றோர். ஒரு பூ உதிரும்போது அதே காம்பின் நுனியில் அடுத்த மொட்டுப் புறப்படும். இவ்வாறு பல மாதங்கள் தொடரும். புதியவர்கள் முதற் பூ உதிர்ந்ததும் காம்பை வெட்டிவிடுகிறார்கள். வெட்ட வேண்டாம் என்பதைக் கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

தவிர்க்க வேண்டியவற்றைப் பற்றியும் கூறுவோம். நிவியம், பெல்லாட்டுலம் போன்ற குட்டை இனங்கள் உஷ்ண இனங்களே. பார்ப்பவர் உள்ளத்தைப் பறிப்பவை. ஆனால் சுண்ணாம்புப் பாறைகளில் வளரும் அவற்றுக்குக் குருத்தில் ஓரிரவு நீர் தங்கினாலும் அழுகல் வந்துவிடலாம். கின்னபாலு மலையின் ராத்ஸ்சைல்டியானம் ஆர்க்கிட்டுகளுள் அரசு போன்றது. விதையிலிருந்து பூப்பதற்குப் பத்து ஆண்டுகளும் அதற்கு மேலும் ஆகலாம், விலையும் மிகுதி. முதற் செடியாக இவற்றைக் கொடுப்பது, மிதிவண்டி பழகாதவருக்கு லாரியைக் கொடுப்பதை ஒக்கும்.

பண்ணையில் பார்க்க வேண்டியவை

வாழையை அறிந்த நமக்கு இச்செடியின் இயல்பு எளிதில் விளங்கும். வாழை ஒரு முறையே குலை தள்ளும். பிறகு பக்கக்கன்றுதான் தொடர வேண்டும். பாதுகை ஆர்க்கிட்டின் ஒவ்வொரு குருத்தும் அவ்வாறே ஒரு முறைதான் பூக்கும். வேற்றுமை யாதெனில், பூத்த குருத்து உடனே மடிவதில்லை; சில ஆண்டுகள் இலையோடிருந்து கன்றுகளுக்கு ஊட்டமளிக்கிறது. ஆகையால் கன்று ஏதுமில்லாத ஒற்றைக் குருத்துச் செடி பெரிய பூவோடு நிற்பதைக் கண்டு மயங்கிவிட வேண்டாம். அதன் அடுத்த பூவுக்கு இரண்டு ஆண்டு காத்திருக்க நேரலாம். பூத்த குருத்து ஒன்று, வளர்ந்துவரும் கன்று இரண்டு என்று மூன்றேனும் உள்ள செடியே பரிசுக்குரியது. இயன்றால் மொட்டு நிலையில் வாங்குக. மலரும் இன்பத்தைப் பெறுபவரே அனுபவிக்கட்டும்.

செடியின் அடியைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்க்க வேண்டும். தள்ளாடினால் வேர் இல்லை என்று பொருள். அன்றேல் அண்மையில் மாற்றி நட்டது என்று பொருள். இவ்வினத்துக்கு வேர்கள் குறைவு. இருப்பவை பழுப்பாக, மயிரடர்ந்து காணப்படும். அதைப் பார்த்துச் செத்த வேர் என்று புதியவர்கள் பிடுங்கி எறிவதும் உண்டு. தொட்டால் உறுதியாக இருப்பதே நல்ல வேரின் அடையாளம். இலைகள் துவண்டு சுருங்கியிருந்தால் வேர் கெட்டிருக்கிறது. இலையடியில் நீர் ஊறிய பழுப்புத் திட்டு இருந்தால் அழுகல் நோய். இலையிடுக்கில் வெண்பஞ்சு போன்ற மாவுப்பூச்சி இருந்தால், அந்தச் செடியோடு பெறுபவரின் மற்றத் தொட்டிகளுக்கும் பூச்சியைப் பரிசளித்தவர் ஆவோம்.

விலை ஏன் இவ்வளவு என்று பலரும் கேட்கிறார்கள். பாலனோப்சிஸ், டென்ட்ரோபியம் ஆகியவற்றைத் திசு வளர்ப்பு முறையில் ஒரே அச்சாக ஆயிரக்கணக்கில் பெருக்கலாம். பாதுகை ஆர்க்கிட் அந்த முறைக்கு எளிதில் இணங்குவதில்லை. விதையிலிருந்தோ, கன்று பிரித்தோதான் பெருக்க வேண்டும். விதை தூசி போன்றது; உள்ளே உணவுச் சேமிப்பு இல்லை. ஆய்வுக்கூடக் குடுவையில், ஊட்டக் கூழின்மேல் தூவி முளைக்கச் செய்கிறார்கள். மௌடியே வகை பூப்பதற்கே மூன்று நான்கு ஆண்டுகள் செல்லும். இதனால் ஒரே பெயருடைய இரண்டு செடிகளின் பூக்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

மிக மலிவாக, சாக்கில் கட்டி, மண்ணும் பாசியும் ஒட்டிய வேரோடு யாரேனும் இச்செடியை விற்பாராயின், அது விதையில் பிறந்ததன்று, காட்டிலிருந்து பிடுங்கியது. இது நமக்குத் தொலைவான செய்தியுமன்று. தென்னிந்தியாவுக்கென்றே உரிய பாதுகை ஆர்க்கிட் ஒன்றே ஒன்று. அது அகத்தியமலைப் பகுதியில் மட்டும் வளரும் ட்ரூரியை. மஞ்சள் மலரின் இதழ்கள்தோறும் நடுவில் கரும்பழுப்புக் கோடு இழுத்தாற்போல இருக்கும். 1865-இல் கர்னல் ட்ரூரி என்பவர் அதைக் கண்டார். சென்னை மாகாண வனத்துறையைச் சேர்ந்த பெட்டோம் அதற்கு அவர் பெயரைச் சூட்டினார். பெயர் பரவியது, வெளிநாட்டுத் தோட்டங்களுக்காக மூட்டை மூட்டையாகப் பிடுங்கப்பட்டது. அந்த மலையில் இன்று அது அழிவின் விளிம்பில் நிற்கிறது. பாலோட்டிலுள்ள தாவரவியல் தோட்ட ஆராய்ச்சி நிலையத்தார் அதைப் பெருக்கிக் காப்பதற்கு முயன்றிருக்கிறார்கள்.

பாதுகை ஆர்க்கிட் இனம் முழுவதும் பன்னாட்டு வாணிக உடன்படிக்கையின் முதற் பட்டியலில் உள்ளது. நமது நாட்டிலும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1991-இல் திருத்தப்பட்டபோது, இது பாதுகாக்கப்பட்ட தாவரங்களுள் சேர்க்கப்பட்டது. காட்டிலிருந்து எடுப்பது குற்றம். விற்பவருக்கு உரிமம் வேண்டும். ஆகவே உரிமம் பெற்ற பண்ணையில் வாங்கி, ரசீதையும் செடியோடு சேர்த்துக் கொடுத்துவிடுவது முறையாகும். பரிசில் விலைச்சீட்டை விடலாமா என்ற கூச்சம் இங்கே வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம், பெட்டிக்குள் ஒன்றைச் செருகி வரச் சொல்லவும் வேண்டாம்.

இடமும் நீரும்

கன்னியாகுமரி மாவட்டம், குற்றாலச் சாரல் படும் ஊர்கள், பொள்ளாச்சிக்கு மேற்கே மலையடிவாரம் ஆகியவை இச்செடிக்குப் பெரும்பாலும் உகந்தவை. சென்னை போன்ற கடற்கரை நகரங்களில் கோடை இரண்டு மாதமும் தனிக் கவனம் தேவை: கிழக்கு அல்லது வடக்குத் தாழ்வாரம், அடியில் ஈரமணல் பரப்பிய தட்டு, பகலில் இரண்டொரு முறை தரையில் நீர் தெளித்தல். உதகையிலும் கொடைக்கானலிலும் வசிப்பவருக்கு உஷ்ண இனத்தைக் கொடுக்க வேண்டாம். அங்கேதான் நான் ஏமாந்த இன்சிக்னே மகிழ்ந்து பூக்கும். உள்மாவட்டங்களில், கோடையில் 40 பாகையைத் தொடும் ஊர்களில், நிழல்வலையும் நீர்த்தெளிப்பும் இல்லாத வீட்டுக்கு இதைக் கொடுக்காமலிருப்பதே அன்பு. அவருக்கு ஒரு நல்ல டென்ட்ரோபியம் போதும்.

நீரைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் இச்செடிக்கு நஞ்சு. இலை நுனி கருகுவது அதன் முதல் அறிகுறி. மழைநீரே சிறந்தது. கூரை நீரைத் தொட்டியில் சேர்த்து வைத்திருக்கும் வீடானால் கவலையில்லை; இல்லாவிட்டால் செடியோடு மூடியுள்ள பீப்பாய் ஒன்றையும் வாங்கிக் கொடுக்கலாம். காலையில் ஊற்றுக, மாலைக்குள் குருத்து உலர்ந்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செடி கூரைக்கு உள்ளேயே இருக்கட்டும். மழைநீர் நல்லதாயிற்றே என்று முற்றத்தில் விட்டுக் குருத்தை இழந்தவர்கள் பலர்.

நடும் கலவைக்கு மண் வேண்டா. தேங்காய் மட்டைத் துண்டுகளை மூன்று முறை நீர் மாற்றி ஊறவைத்து உப்பை நீக்கிக்கொண்டு, கரித்துண்டும் செங்கல் சில்லும் சேர்த்தால் போதும். ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கொரு முறை, கலவை மக்குமுன் மாற்ற வேண்டும். உரத்தைச் சீட்டில் எழுதியிருப்பதில் நாலில் ஒரு பங்கு வலிமைக்குக் கரைத்து, இரு வாரத்துக்கொரு முறை ஊற்றினால் போதுமானது.

கொடுப்பதற்கு ஏற்ற காலம் ஆடி முதல் மார்கழி வரை. கோடையைச் சந்திக்குமுன் செடி வேரூன்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். சித்திரையில் விழா வந்தால், செடியைப் பண்ணையிலேயே விட்டு வைத்து, வாக்குறுதியை மட்டும் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிடலாம். என் தங்கை மகனுக்கு இரண்டாம் முறை அப்படித்தான் செய்தேன். ஆவணியில் கருஞ்சிவப்பு மௌடியே ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்து, இலைக்கடியில் ஒரு சீட்டையும் கட்டினேன். அதில் எழுதியவை: செடியின் பெயர், வாங்கிய நாள், 'நேர் வெயில் ஆகாது', 'மழைநீர்', 'டென்ட்ரோபியத்துக்குப் பக்கத்தில் தொங்கவிடாதே.' தைப் பொங்கலுக்கு மறுநாள் மொட்டுத் தெரிகிறது என்று எழுதியிருந்தான்.